உள்ளே வைத்ததற்கு யார் பொறுப்பு?



உடலுக்குள் பொருத்தும் சாதனங்கள், அறுவைக்குத் துணைசெய்யும் கருவிகள் ஆகியவற்றின் கண்டுபிடிப்புகளைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். கேட்டவுடன் ஸ்டாக்ஹோமும் லண்டனும் மெல்போர்னும் நினைவுக்கு வரும். அங்கும் ஒரு சுற்றுப் போய் வருவோம். ஆனால் பெரும்பகுதி நேரம், இந்த மயிலாப்பூர் மண்டபத்திலிருந்து ஆட்டோ பிடித்தால் கால் மணியில் போய்ச் சேரக்கூடிய இடங்களிலேயே இருக்க விரும்புகிறேன். கதீட்ரல் சாலை, ராஜா அண்ணாமலைபுரம், அடையாறு ஐ.ஐ.டி. வளாகம். இந்தச் சுற்றுவட்டத்தோடு தொடர்புடைய கதைகளை ஒழுங்காகச் சொன்னாலே தலைப்புக்கு நியாயம் செய்ததாகிவிடும்.

நான் உயிர்மருத்துவப் பொறியியல் கற்பிப்பவன். புதிதாக வரும் மாணவர்களிடம் முதல் வகுப்பிலேயே ஒரு கேள்வியை வைப்பேன். நீ செய்த ஒரு பொருளை ஒருவருடைய உடலுக்குள் வைத்துத் தைத்துவிட்டார்கள். இருபது ஆண்டுகள் கழித்து அதில் ஒரு கோளாறு. அவர் யாரைத் தேடி வருவார்? பெரும்பாலான மாணவர்கள் மருத்துவரைத் தேடி என்பார்கள். மருத்துவர் ஓய்வு பெற்றிருப்பார். செய்த நிறுவனம் வேறொருவர் கைக்கு மாறியிருக்கும். இந்தத் துறையில் நின்று நிலைத்த கண்டுபிடிப்புகளை எல்லாம் எடுத்துப் பாருங்கள். அறுவை முடிந்து போனவர் திரும்பி வந்தபோது அவரை உட்கார வைத்து, என்ன ஆயிற்று என்று கேட்டவர்கள்தான் அவற்றைச் செய்திருக்கிறார்கள். இன்று நான் சொல்ல வந்தது இதுதான்.

இதய வால்விலிருந்து தொடங்குகிறேன். ஒரு சிறுமிக்குத் தொண்டைப் புண் வருகிறது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி. சரியான மருந்து கிடைக்காவிட்டால் சில குழந்தைகளுக்கு அது ருமாட்டிக் காய்ச்சலாக மாறுகிறது. கிருமியை எதிர்க்க எழுந்த உடலின் எதிர்ப்பாற்றல், தன் இதயத்தின் வால்வுகளையே தாக்கத் தொடங்குகிறது. வால்வின் இதழ்கள் தடித்து, ஒட்டிக்கொண்டு, சுருங்கிப் போகின்றன. பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, திருமணமாகி முதல் பிள்ளையைச் சுமக்கும்போது மூச்சு வாங்குகிறது. இது நெருக்கமான வீடுகளின் நோய், வறுமையின் நோய். பணக்கார நாடுகளில் இது கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. அதனால் அங்கே வால்வு செய்பவர்களின் மனத்தில் இருந்த நோயாளி பெரும்பாலும் அறுபது வயதைக் கடந்தவர். நம்முடைய நோயாளிக்கு இருபத்திரண்டு வயது. வால்வு இன்னும் ஐம்பது ஆண்டுகள் உழைக்க வேண்டும்.

செயற்கை வால்வு ஒன்றை மனித உடலுக்குள் முதன்முதலில் வைத்தவர் அமெரிக்காவின் சார்ல்ஸ் ஹஃப்னகல். ஆண்டு 1952. இதயத்தைத் திறந்து வேலை செய்யும் வசதி அன்று இல்லை. அதனால் மார்பில் கீழிறங்கும் பெருந்தமனியில் அதை வைத்தார். ஒரு பிளாஸ்டிக் கூடு, அதற்குள் ஏறி இறங்கும் ஒரு பந்து. பக்கத்தில் நிற்பவர் காதில் விழும் அளவுக்கு அது சத்தம் போட்டது. அந்த ஹஃப்னகலிடம் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் பயிற்சி பெற்ற இந்தியர்களில் ஒருவர் மாவேலிக்கரையில் பிறந்த டாக்டர் எம்.எஸ். வலியத்தான்.

வலியத்தானைத் திருவனந்தபுரத்தோடு சேர்த்துத்தான் நமக்குத் தெரியும். நாடு திரும்பியபின் அவர் சில காலம் சென்னையில் இருந்ததை நாம் மறந்துவிட்டோம். பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் அறுவை மருத்துவர், அதோடு ஐ.ஐ.டி.யில் உயிர்மருத்துவப் பொறியியலில் வருகைதரு பேராசிரியர். ஒரு மருத்துவர் பொறியாளர்களோடு உட்கார்ந்து, உலோகம் ஏன் களைத்து உடைகிறது என்று பேசிய காலம் அது. பின்னர் 1974இல் திருவனந்தபுரம் சென்று ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தைக் கட்டி எழுப்பினார். மருத்துவமனை ஒரு பக்கம். பூஜப்புரையில் அரச குடும்பம் கொடுத்த சாட்டல்மண்ட் அரண்மனையில் தொழில்நுட்பப் பிரிவு மறுபக்கம். ஒரே நிறுவனத்தில் இரண்டும் இருக்க வேண்டும் என்று அவர் பிடிவாதமாக இருந்தார். அந்தப் பிடிவாதம் சரி என்பதற்கு அங்கே உருவான சித்ரா வால்வே சாட்சி.

அந்த வால்வின் கதையில் எல்லோரும் வெற்றியைச் சொல்வார்கள். எனக்கு அதன் தோல்விகள் முக்கியம். வலியத்தானும் பொறியாளர் ஜி.எஸ். புவனேஸ்வரும் அவர்களுடைய குழுவினரும் எடுத்துக்கொண்ட வடிவம் சாயும் தட்டு வால்வு. ஒரு வளையம், அதன் நடுவே ஒரு வட்டத் தட்டு, ரத்தம் தள்ளும்போது தட்டு சாய்ந்து வழிவிடும், பின்னோக்கி வரும்போது மூடிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் இவ்வளவுதான். ஆனால் இதயம் ஆண்டுக்கு மூன்றரைக் கோடி முறைக்கு மேல் துடிக்கிறது. அத்தனை முறையும் தட்டு திறந்து மூட வேண்டும்.

முதல் மாதிரியில், தட்டைப் பிடித்து நிறுத்தும் கம்பி வெல்டிங் செய்த இடத்தில் உடைந்தது. வெல்டிங் இல்லாத அடுத்த மாதிரியில் செயற்கை நீலக்கல்லால் ஆன தட்டை வைத்தார்கள். கல் கடினமானது, டைட்டானியச் சட்டகம் தேய்ந்துபோனது. அதைவிடக் கடினமான கோபால்ட் உலோகக் கலவைக்கு மாறினார்கள். இம்முறை செம்மறியாட்டின் உடலுக்குள் அந்த நீலக்கல் தட்டே உடைந்தது. ஒவ்வொரு மாதிரிக்கும் ஆண்டுக்கணக்கில் உழைப்பு. நான்காவது மாதிரியில்தான் தட்டு மிக உயர் மூலக்கூறு எடை கொண்ட பாலிஎதிலீன் பிளாஸ்டிக்காக மாறியது. இடுப்பு மூட்டு மாற்றுக்கு இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி 1962 முதல் பயன்படுத்திய அதே பொருள். மென்மையானது, எளிதில் தேயாதது, சத்தமும் குறைவு. சட்டகத்தை ஒரே உலோகக் கட்டியிலிருந்து கடைந்து எடுத்தார்கள். ஒட்டு இல்லை, வெல்டிங் இல்லை.

இந்த ஒட்டு இல்லாத சட்டகத்தின் அருமையைப் புரிந்துகொள்ள, அதே காலத்தில் மேலை நாடுகளில் நடந்ததைப் பார்க்க வேண்டும். பியோர்க்-ஷைலி என்ற சாயும் தட்டு வால்வு உலகப் புகழ் பெற்றது. ரத்தம் இன்னும் தாராளமாகப் பாய வேண்டும் என்று அதன் தட்டின் வளைவை மாற்றி, 1979இல் ஒரு புதிய வடிவத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். அதில் வெளிப்புறக் கம்பி வெல்டிங் செய்யப்பட்டது. சுமார் 86,000 பேருக்குப் பொருத்திய பிறகு, 1986இல் அதை நிறுத்தினார்கள். நூற்றுக்கணக்கானவர்களின் மார்புக்குள் அந்தக் கம்பி உடைந்தது. உடைந்தால் தட்டு ரத்த ஓட்டத்தோடு போய்விடும். பலருக்கு மருத்துவமனை போய்ச் சேரும் அவகாசம்கூட இருக்கவில்லை. திருவனந்தபுரத்தில் சோதனைக் கருவியில் உடைந்தது அங்கே மனிதர்களுக்குள் உடைந்தது. ஒரு ஏழை நாட்டின் ஆய்வகம் அவசரப்படாமல் காத்திருந்ததை நினைத்து நான் உண்மையிலேயே பெருமைப்படுகிறேன். கெட்டிக்காரத்தனத்தை எந்த நாட்டிலும் பார்க்கலாம். அந்தப் பொறுமை அபூர்வம்.

1990 டிசம்பர் 6ஆம் தேதி சித்ரா வால்வு முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அடுத்து ஆறு மருத்துவமனைகளில் முந்நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குப் பொருத்தி, அவர்களைத் தொடர்ந்து கவனித்து, முடிவுகளை ஆய்விதழில் வெளியிட்டார்கள். அதை உற்பத்தி செய்ய முன்வந்தது நம் கதீட்ரல் சாலைக்காரர்களான டி.டி.கே. நிறுவனம். குழந்தைகளுக்கான கிரைப் வாட்டரும், குழுமத்தின் இன்னொரு கிளையிலிருந்து பிரஷர் குக்கரும் விற்றவர்கள். இதய வால்வில் ஒரு தவறு நேர்ந்தால் எல்லாப் பெயரும் போய்விடும் என்று தெரிந்தே இறங்கினார்கள். தொழிற்சாலை திருவனந்தபுரத்தில், நிர்வாகம் சென்னையில். இறக்குமதி வால்வின் பாதிக்கும் குறைவான விலையில் இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வால்வுகள் மனித இதயங்களுக்குள் போயிருக்கின்றன. வலியத்தான் 2024 ஜூலையில் காலமானார். மியூசிக் அகாடமி வாசலில் பேருந்துக்கு நிற்பவர்களுக்கு, அந்தப் பக்கத்துக் கட்டடத்தின் பெயருக்கும் இதய வால்வுக்கும் உள்ள தொடர்பு எத்தனை பேருக்குத் தெரியும்? பள்ளிப் பாடத்தில் வர வேண்டிய கதை இது.

இத்தோடு நிறுத்தினால் நான் பாதிதான் சொன்னவனாவேன். உலோகமும் பிளாஸ்டிக்குமான எந்த வால்வின் மேலும் ரத்தம் உறையப் பார்க்கும். உறைந்த துணுக்கு மூளைக்குப் போனால் பக்கவாதம். வால்விலேயே தங்கிவிட்டால் தட்டு அசையாமல் நின்றுவிடும். அதனால் வால்வு மாற்றியவர்கள் ஆயுள் முழுதும் உறைதடுப்பு மாத்திரை சாப்பிட வேண்டும். நம் ஊரில் பெரும்பாலும் அசிட்ரோம். மாத்திரை குறைந்தால் ரத்தம் உறையும், கூடினால் மூளையிலோ குடலிலோ கசியும். இரண்டுக்கும் நடுவிலுள்ள இடம் மிகக் குறுகல். ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனையை அடிக்கடி செய்து அளவைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு வாரம் முருங்கைக்கீரை அதிகம் சாப்பிட்டால் அளவு மாறும். கீரையிலுள்ள வைட்டமின் கே இந்த மாத்திரைக்கு எதிராக வேலை செய்யும். சளிக்கு வாங்கிய ஆன்டிபயாட்டிக்கும் அளவை மாற்றும். பெண் கருவுற்றால் முதல் மூன்று மாதங்களில் இந்த மருந்து சிசுவைப் பாதிக்கும். நிறுத்தினாலோ தாயின் வால்வுக்கு ஆபத்து. முன்பு சொன்ன அந்த இருபத்திரண்டு வயதுப் பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமத்துக்காரர் என்றால், மாதா மாதம் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பேருந்து ஏறி, பரிசோதனை செய்துகொண்டு, மாலையில் முடிவு வாங்கி, அதைப் படித்துச் சொல்ல ஒரு மருத்துவரைத் தேட வேண்டும். நாலைந்து மாதம் போவார். பிறகு விட்டுவிடுவார். வால்வு பத்தாண்டு ஆராய்ச்சியின் பயன். அதைக் காப்பாற்றும் பரிசோதனைக்கு நாம் அதில் பத்தில் ஒரு பங்கு யோசனைகூடச் செலவழிக்கவில்லை. இதைப் பற்றிப் பிறகு பேசுகிறேன்.

இப்போது கதீட்ரல் சாலையிலேயே இன்னொரு கட்டடம். கண் வடிவத்திலேயே கட்டிய டாக்டர் அகர்வால் கண் மருத்துவமனை. கண்புரை அறுவையில் இங்கிருந்து உலகுக்குப் போன சில யோசனைகள் எனக்கு மிகவும் பிடித்தவை.

அதற்கு முன் லென்ஸின் பிறப்பைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானிகளின் கண்களில், விமானத்தின் மேல்மூடி உடைந்து பிளாஸ்டிக் சில்லுகள் பாய்ந்தன. ஹரோல்டு ரிட்லி என்ற மருத்துவர் அப்படிப்பட்டவர்களின் கண்களை ஆண்டுக்கணக்கில் கவனித்தார். சில்லுகள் உள்ளேயே இருந்தன. கண் சிவக்கவில்லை, சீழ் பிடிக்கவில்லை. கண் ஏற்றுக்கொள்ளும் பொருள் இது என்று அவருக்குப் புரிந்தது. அதே பிளாஸ்டிக்கில் லென்ஸ் செய்து, 1949 நவம்பரில் லண்டனில் ஒரு நோயாளியின் கண்ணுக்குள் வைத்தார். திரும்பத் திரும்பப் பார்த்த நோயாளிகள்தான் அவருக்கு ஆய்வகம். நாற்பது ஆண்டுகள் கழித்தும் அந்த லென்ஸ் நம் ஊர் ஏழைகளுக்கு எட்டாத விலையில் இருந்தது. 1992இல் மதுரையில் அரவிந்த் குழுமம் ஆரோலாப் தொடங்கி, விலையைப் பல மடங்கு குறைத்து, பல நாடுகளுக்கும் அனுப்பியது. அது தனிச் சொற்பொழிவுக்குரிய கதை, மதுரைக்காரர்கள் சொல்லட்டும்.

சென்னைக்கு வருவோம். கண்புரையை அல்ட்ராசவுண்டு ஊசியால் உடைத்து உறிஞ்சி எடுப்பது வழக்கமான முறை. ஊசியைச் சுற்றி ஒரு உறை. உறை வழியே நீர் உள்ளே போகும், ஊசி வழியே உடைந்த துகள் வெளியே வரும். உறை இருப்பதால் கண்ணில் போடும் கீறல் பெரிதாக இருக்க வேண்டும். 1998இல் டாக்டர் அமர் அகர்வால் உறையைக் கழற்றிவிட்டு, நீரை இன்னொரு கையிலிருக்கும் தனிக் கருவியால் செலுத்தினார். கீறல் ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே வந்தது. ஆனால் புதுத் தொல்லை முளைத்தது. மெல்லிய கருவி வழியே போகும் நீர் போதவில்லை. ஊசி உறிஞ்சும் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல், கண்ணின் முன்னறை திடீர் திடீரென்று சுருங்கியது. அப்படிச் சுருங்கும் நொடியில் லென்ஸின் பின்னுறை ஊசியில் மாட்டிக் கிழியலாம். இதற்கு டாக்டர் சுனிதா அகர்வால் கண்ட தீர்வு, மீன் தொட்டிக்குக் காற்று அடிக்கும் பம்ப். வடிகட்டிய காற்றை நீர்ப்புட்டிக்குள் அழுத்தத்தோடு செலுத்தினால் நீர் வேகமாக இறங்கும், முன்னறை சுருங்காது. நீரை அழுத்தித் தள்ளும் ஏற்பாட்டைப் பின்னாளில் பெரிய நிறுவனங்களின் இயந்திரங்களும் தங்களுக்குள்ளேயே கொண்டுவந்தன. எந்தத் தெருக் கடையிலும் கிடைக்கும் பம்ப்புக்கு அறுவை அரங்கில் இடமுண்டு என்று காண, தொல்லை எங்கே பிறக்கிறது என்று துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த வரிசையில் அடுத்தது, 2007 டிசம்பரில் அதே மருத்துவமனையில் முதன்முதலில் செய்த 'ஒட்டும் லென்ஸ்' முறை. சில கண்களில் லென்ஸைத் தாங்கும் பின்னுறை இருக்காது. விபத்தில் போயிருக்கும், அல்லது முதல் அறுவையில் கிழிந்திருக்கும். அப்போது செயற்கை லென்ஸை எதன்மேல் உட்கார வைப்பது? கண்ணின் வெள்ளைச் சுவரில் மெல்லிய நூலால் தைத்துத் தொங்கவிடுவது அதுவரை இருந்த முக்கிய வழி. தைத்தபோது நன்றாக இருந்தது. ஆண்டுகள் ஓடிய பிறகு சிலருடைய நூல் நைந்து அறுந்தது, லென்ஸ் சரிந்தது. திரும்பி வந்த அந்தக் கண்கள்தான் கேள்வியை எழுப்பின. அமர் அகர்வாலும் குழுவினரும் நூலையே விட்டுவிட்டார்கள். வெள்ளைச் சுவரில் எதிரெதிரே இரண்டு மெல்லிய மடல்களைத் தூக்கி, லென்ஸின் இரு கால்களையும் அவற்றின் அடியில் வெளியே இழுத்து, சுவருக்குள்ளேயே குடைந்த சிறு சுரங்கத்தில் செருகி, மடலை ஃபைப்ரின் பசையால் ஒட்டினார்கள். ரத்தம் உறையும்போது உடல் தானே செய்துகொள்ளும் புரதம்தான் ஃபைப்ரின். சுரங்கத்தில் செருகும் உத்தி ஜெர்மனியின் காபோர் ஷாரியோத் கொடுத்தது. மடலும் பசையும் சேர்ந்து அதை முழுமையாக்கின. 2008இல் ஆய்விதழில் வெளிவந்தபின் பல நாடுகளில் இதைச் செய்கிறார்கள்.

அதே குழுவின் டாக்டர் சூசன் ஜேக்கப் செய்ததையும் சொல்ல வேண்டும். கெரட்டோகோனஸ் என்ற நோயில் கருவிழி மெலிந்து கூம்பு வடிவத்தில் முன்தள்ளும். பெரும்பாலும் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்கு வருவது. பிளாஸ்டிக் வளையத் துண்டுகளைக் கருவிழிக்குள் செருகி அதைத் தட்டையாக்குவார்கள். ஏற்கெனவே மெலிந்த திசுவில் கெட்டியான பிளாஸ்டிக். சிலருக்குக் காலப்போக்கில் அது அரித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். தானமாக வந்த கருவிழியிலிருந்தே வளையத் துண்டை வெட்டி உள்ளே வைத்தால் என்ன என்று அவர் கேட்டார். 2018இல் முடிவுகளை வெளியிட்டார். ஒரு செயற்கைப் பொருளை அகற்றிவிட்டு இயற்கையான திசுவை அந்த இடத்தில் வைப்பதும் கண்டுபிடிப்புத்தான்.

எலும்புப் புற்றுநோயில் டாக்டர் மயில்வாகனன் நடராஜன் செய்த பணியைச் சுருக்கமாகவாவது குறிப்பிடாமல் போக முடியாது. 1980களின் இறுதியிலிருந்து சென்னையில், காலை வெட்டி எடுக்க வேண்டிய இளைஞர்களுக்கு, கட்டி வந்த எலும்பை மட்டும் நீக்கி, ஒவ்வொருவருக்கும் தனியாக அளவெடுத்து உள்ளூரிலேயே செய்த பெரிய உலோக மூட்டைப் பொருத்தினார். அரசு மருத்துவமனையில், இறக்குமதி மூட்டை நினைத்தும் பார்க்க முடியாத குடும்பங்களுக்கு. நீண்ட காலம் நோயாளிகளைத் தொடர்ந்து, எத்தனை மூட்டு தளர்ந்தது, எத்தனை பேருக்குத் தொற்று வந்தது என்பதையும் சேர்த்து எழுதினார். இப்படி எழுதுவதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

தொடராமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் நம் நாட்டிலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. ஏ.எஸ்.ஆர். என்ற இடுப்பு மூட்டு. உலோகத்தின் மேல் உலோகம் உரசும் வடிவம். உரசலில் கோபால்ட், குரோமியத் துகள்கள் உதிர்ந்து சுற்றியுள்ள தசையை அழித்தன. ஆஸ்திரேலியாவில் மூட்டு மாற்று ஒவ்வொன்றையும் ஒரு தேசியப் பதிவேட்டில் எழுதுவார்கள். இந்த மூட்டு மற்றவற்றைவிட விரைவில் பழுதாவதை அந்தப் பதிவேடே முதலில் காட்டியது. 2009 இறுதியில் அங்கே அதை விலக்கினார்கள். 2010 ஆகஸ்டில் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. இந்தியாவில் சுமார் 4,700 பேருக்கு அது பொருத்தப்பட்டிருந்தது. மத்திய அரசு அமைத்த குழு விசாரித்தபோது, அவர்களில் ஆயிரத்துச் சொச்சம் பேரையே கண்டுபிடிக்க முடிந்திருந்தது. மற்றவர்கள் எங்கே? இடுப்பு வலியோடு, வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு ஏதோ ஒரு வீட்டில் உட்கார்ந்திருப்பார்கள். கார் வாங்கினால் எஞ்சின் எண்ணைப் பதிவுசெய்யும் நாடு இது. இடுப்புக்குள் வைத்த உலோகத்துக்குப் பதிவு வைக்கவில்லை.

அதன்பின் சில நல்லவை நடந்தன. மருத்துவச் சாதனங்களால் வரும் கேடுகளைக் கண்காணிக்க 2015இல் ஒரு தேசியத் திட்டம் வந்தது. 2017இல் சாதனங்களுக்கெனத் தனி விதிகள் வந்தன. அதே ஆண்டு பிப்ரவரியில் ஸ்டென்டுக்கும், ஆகஸ்டில் முழங்கால் மூட்டுக்கும் அரசு உச்ச விலை வைத்தது. விலைக் கட்டுப்பாட்டைக் குறை சொல்பவர்கள் உண்டு; நான் அதை வரவேற்கிறேன். ஆனால் விலை குறைந்ததால் அறுவைகள் கூடின என்றால், தொடர வேண்டியவர்களின் எண்ணிக்கையும் அதே அளவுக்குக் கூடியது என்றுதானே பொருள்?

ராஜா அண்ணாமலைபுரத்துக்கு வருகிறேன். அங்கே டாக்டர் மோகன் காமேஸ்வரன் நடத்தும் மெட்ராஸ் ஈ.என்.டி. ஆராய்ச்சி நிறுவனம், பிறவியிலேயே காது கேளாத ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்குக் காக்லியர் இம்ப்ளான்ட் பொருத்தியிருக்கிறது. உட்செவியில் சுருண்டிருக்கும் நத்தைக்கூட்டுக்குள் மெல்லிய மின்முனைகளைச் செருகி, செவி நரம்பை நேரடியாகத் தூண்டும் சாதனம் அது. மெல்போர்னின் கிரேம் கிளார்க் 1978இல் பல மின்முனைகள் கொண்ட தன் சாதனத்தை முதன்முதலில் ஒருவருக்குப் பொருத்தினார். வியன்னாவில் ஹோக்மயர் தம்பதியர் அதற்கு முந்தைய ஆண்டே தங்களுடையதைப் பொருத்தியிருந்தார்கள். நெருங்கிய உறவில் திருமணம் செய்யும் வழக்கம் நீடிக்கும் நம் மாநிலத்தில் பிறவிச் செவிடு கூடுதல். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இந்த அறுவைக்குப் பணம் கொடுக்கிறது. இந்தியாவில் எல்லா மாநிலமும் செய்யாததைத் தமிழ்நாடு செய்தது. இதை நாம் உரக்கச் சொல்லலாம்.

ஆனால் அறுவை முடிந்த அன்று அந்தக் குழந்தைக்கு ஒன்றும் கேட்காது. சில வாரம் கழித்துச் சாதனத்தை இயக்குவார்கள். அப்போதும் குழந்தைக்குக் கேட்பது பொருளற்ற ஓசை. 'அம்மா' என்ற ஓசைக்கும் தன் முன்னால் நிற்கும் முகத்துக்கும் தொடர்பு உண்டு என்பதை மூளை கற்றுக்கொள்ள வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும்; அதுவும் சிறு வயதிலேயே. இதை உணர்ந்துதான் அந்த நிறுவனம் பேச்சு, செவிப் பயிற்சியாளர்களை உருவாக்கத் தனிக் கல்லூரியே தொடங்கியது. எனக்கு அந்தக் கல்லூரி, அறுவைக்கு நிகரான கண்டுபிடிப்பாகத் தெரிகிறது. அடுத்த சிக்கல் இன்னும் தீரவில்லை. எலும்புக்குள் இருக்கும் பகுதி பல பத்தாண்டுகள் உழைக்கும். காதுக்குப் பின்னால் மாட்டும் வெளிக்கருவி அப்படி இல்லை. வியர்வையில் நனையும், கபடி ஆடும்போது விழும், ஒயர் அறுந்துபோகும். உத்தரவாதக் காலம் முடிந்தபின் ஒரு ஒயருக்கும் காந்தத்துக்கும் கேட்கும் விலை, தினக்கூலிக் குடும்பத்துக்குப் பெரிய தொகை. அந்த மாடலே நின்றுவிட்டால் புதிய கருவிக்கு லட்சங்கள். ஒன்பதாவது படிக்கும் பிள்ளை, கேட்டுப் பேசிப் பழகியபின், ஒரு ஒயருக்காக மீண்டும் மௌனத்துக்குள் போவதை எந்தச் சமூகமும் அனுமதிக்கக் கூடாது. அரசு அறுவைக்குப் பணம் கொடுக்கும்போதே, இருபது ஆண்டுகளுக்கு உதிரிபாகம் இன்ன விலையில் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். வாங்குபவர் அரசாக இருக்கும்போது அந்த பலம் நம் கையில் இருக்கிறது.

அடையாறில் ஐ.ஐ.டி.யின் மறுவாழ்வுக் கருவிகள் மையத்தைப் பேராசிரியர் சுஜாதா ஸ்ரீனிவாசன் நடத்துகிறார். எழுந்து நிற்கவைக்கும் சக்கர நாற்காலியை 2019இலும் 'கதம்' என்ற செயற்கை முழங்காலை 2022இலும் கொண்டுவந்தார்கள். இவை உடலுக்கு வெளியே இருப்பவை; ஆனால் செய்யும் முறையில் நான் சொல்லிவருவது அப்படியே இருக்கிறது. ஆட்டோவிலும் பேருந்திலும் நெருக்கி உட்கார முழங்கால் எவ்வளவு மடங்க வேண்டும் என்று பயன்படுத்துபவர்களிடம் கேட்டுக்கொண்டே செய்தார்கள். அங்குள்ள இளைஞர்களுக்கு ஒரு வேலை கொடுக்க விரும்புகிறேன். விரல் நுனியிலிருந்து ஒரு துளி ரத்தம் எடுத்து ஐ.என்.ஆர். பார்க்கும் கையடக்கக் கருவி உலகில் இருக்கிறது. சர்க்கரை பார்ப்பது போலத்தான். அதன் பட்டை இறக்குமதி, விலை அதிகம். இந்தியாவில் செய்த மலிவான பட்டை ஒன்றைக் கொடுங்கள். 2021 ஆகஸ்டிலிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெண்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். அவர்களுடைய பையில் இந்தக் கருவியும் இருந்தால், திருவண்ணாமலைப் பக்கத்துப் பெண் கூலியை விட்டுப் பேருந்து ஏற வேண்டியதில்லை. அளவை அலைபேசியில் மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பினால், மாத்திரை எத்தனை என்று மருத்துவர் அங்கிருந்தே சொல்லிவிடலாம்.

பதிவேட்டுக்கும் வழி கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. காப்பீட்டுத் திட்டத்தில் ஒவ்வொரு வால்வுக்கும் மூட்டுக்கும் பணம் கொடுக்கும்போது நோயாளியின் பெயரும் மருத்துவமனையும் ஏற்கெனவே கணினியில் ஏறுகின்றன. சாதனத்தின் வரிசை எண்ணையும் அதே படிவத்தில் ஒரு கட்டமாகச் சேர்க்க வேண்டும். எண் இல்லாவிட்டால் பணம் இல்லை என்று ஒரு வரி விதி போதும். தனியார் மருத்துவமனைகளுக்கும் அதையே கட்டாயமாக்கலாம். கிண்டியிலுள்ள மருத்துவப் பல்கலைக்கழகம் அந்தப் பதிவேட்டைப் பராமரித்து, ஆண்டுதோறும் எந்தச் சாதனம் எத்தனை பேருக்குப் பழுதானது என்று பெயரோடு வெளியிடலாம்.

அரசு செய்யும்வரை காத்திருக்க வேண்டாம் என்று இந்த அவையில் இருப்பவர்களை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இங்கே பாதிப் பேருக்காவது கண்ணில் லென்ஸ் இருக்கும். சிலருக்கு ஸ்டென்ட், சிலருக்கு முழங்கால், ஓரிருவருக்குப் பேஸ்மேக்கர். சாதனம் வந்த பெட்டியில் நாலைந்து ஸ்டிக்கர்கள் இருக்கும். அதில் நிறுவனத்தின் பெயர், மாடல், வரிசை எண் எல்லாம் அச்சாகியிருக்கும். ஒன்றை மருத்துவமனைக் கோப்பில் ஒட்டியிருப்பார்கள். இன்னொன்றை உங்களிடம் கொடுத்த அட்டையில் ஒட்டியிருக்க வேண்டும். இன்று வீட்டுக்குப் போனதும் பீரோவில் அந்த அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மருத்துவமனையில் கேட்டு வாங்குங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. இருந்தால் அலைபேசியில் படம் எடுத்து மகனுக்கோ மகளுக்கோ அனுப்பி வையுங்கள்.

கேள்விகள் இருந்தால் இருந்து பதில் சொல்கிறேன்.